ஊதுபத்தி காட்டி வாங்கிய இரும்புப் பெட்டி

பத்து நாளைக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை. இரத்தினபுரி டவுனில், பாவித்த கம்பியூட்டர் சாமான்கள் விற்கும் ஒரு கடை. என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்தார். பற்றவைத்தார். தரையில் கிடந்த ஒரு கறுப்பு இரும்புப் பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதன் முகத்துக்கு நேரே பத்தியை நீட்டினார்.

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஒரு அம்மா தன் மகளுடைய லெப்டொப்பை ரிப்பேருக்குக் கொண்டுவந்து நின்றார். அவர் மரியாதையாக இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். கடைக்காரர் ரொஷான் – முப்பது வயதிருக்கும், நல்ல மனிதர் – கல்லாவை விட்டு எழுந்து வந்து மெதுவாகக் கேட்டார்.

"மே பூஜாவக்த, அய்யே?"

பூசையாம்! நான் என்ன செய்வது? பக்கத்திலிருந்த கீபோர்டை எடுத்து, ஏதோ வாங்கப் போகிறவளைப் போல ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதரோடு எனக்குச் சம்பந்தம் இல்லை என்று காட்டத்தான். இருபத்திரண்டு வருஷக் குடித்தனம்… அவ்வளவு சுலபமாக மறைக்க முடியுமா?

சரி, ஏன் பத்தி, எதற்குப் பெட்டி? முதலிலிருந்து சொல்கிறேன்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் கடை தெரியும். குருவிட்ட பஜாரில் ஒரு சின்ன கம்யூனிகேஷன். ஃபோட்டோ கொப்பி, டைப்பிங், விண்ணப்பம் நிரப்புவது, பாஸ்போர்ட் அளவுப் படம். கடைக்குப் பின்னால்தான் வீடு. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

கடை திறந்த காலத்திலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யாராவது பிறப்புச் சான்றிதழோ, கல்யாணப் பதிவோ, பரீட்சைச் சான்றிதழோ கொப்பி எடுக்க வந்தால், ஒரு கேள்வி கேட்பேன். "இதை ஸ்கேன் பண்ணி இங்க ஒண்ணு வச்சிக்கட்டுமா?" வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். வேண்டாம் என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

ஏன் இந்த வேலை? தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் ஒரு காகிதம் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கூரை ஒழுகும். அடுப்புப் புகை ஏறும். கறையான் வரும். வீடு மாறும்போது பெட்டி மாறும். பத்து வருஷம் கழித்து வந்து, "அக்கா, அன்னிக்கு ஒரு கொப்பி எடுத்தேனே… அது இருக்குங்களா?" என்பார்கள். இருக்கும். அதில் பதிவு நம்பரும் திகதியும் தெளிவாகத் தெரியும். அந்த நம்பரைக் கொண்டுபோனால் பதிவாளர் கந்தோரில் அன்றைக்கே புதிய பிரதி கிடைக்கும். நம்பர் இல்லாமல் போனால்? தேடச் சொல்லி விண்ணப்பம் எழுத வேண்டும். கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்படிச் சேர்ந்தது பதினெட்டு வருஷச் சொத்து. முதலில் சீடி, அப்புறம் பென் டிரைவ், கடைசியில் வீட்டிலேயே ஒரு குட்டி செர்வர். பயந்துவிடாதீர்கள். ஏதோ ஒரு ஒஃபிஸ் கழித்துவிட்ட சின்ன கம்பியூட்டர், உள்ளே இரண்டு பெரிய ஹாட் டிஸ்க், அவ்வளவுதான். எதைப் போட்டாலும் இரண்டிலும் எழுதிக்கொள்ளும். ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்ற தைரியம்.

இனி மகேஸ்வரிக்கு வருகிறேன்.

மகேஸ் ரப்பர் பால் வெட்டப் போகிறவள். மகள் சுபாஷினிக்குத் தாதிப் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சை வந்திருந்தது. அவர்கள் தோட்ட டிவிஷனிலிருந்து அப்படி ஒரு கடிதம் வாங்கிய முதல் பிள்ளை. புதன்கிழமை மத்தியானம் வெட்டு முடிந்த கையோடு, கை கழுவியும் கழுவாமலும் மகேஸ் என் கடைக்கு ஓடி வந்தாள். கையில் ஒரு சிலிசிலி பேக், கடையில் சாமான் போட்டுத் தருகிறது. அதற்குள் இன்னொரு சிலிசிலி பேக். அதற்குள் ஒரு பொலித்தீன் உறை. உறைக்குள்… எப்படிச் சொல்வது? ஊறிப்போன அப்பளம் மாதிரி ஒன்று.

அதுதான் சுபாஷினியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டாக மடித்து வைத்தது, ஒட்டிப்போய், கறுப்புப் புள்ளி விழுந்து, பிரித்தால் பிய்ந்துவிடும் நிலையில் இருந்தது. நம்பர் எந்த இடத்தில் என்றே தெரியவில்லை.

மழை படாமல் மூன்று சுற்றுச் சுற்றி, பெட்டி அடியில் வைத்தாளாம். மழை படவில்லைதான். மடித்த அன்றைக்கு அதில் இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே குடும்பம் நடத்தியிருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை நேர்முகம். கந்தோர் முத்திரையிட்ட பிரதி கட்டாயம், ஃபோட்டோ கொப்பி ஆகாது என்று கடிதத்தில் இருக்கிறது. பிள்ளை பிறந்தது கேகாலை மாவட்டத்தில், கரவனெல்லப் பக்கம். அப்போது அவர்கள் அந்தத் தோட்டத்தில் இருந்தார்கள். பிந்திப் பதிந்ததால் எந்த வருஷம், எந்தப் பதிவாளர் என்று மகேஸுக்குச் சரியாக ஞாபகமில்லை. புருஷனைக் கேட்கலாம் என்றால் அவர் சவூதியில் இருக்கிறார். அவருக்கும் தெரியாதாம்.

"உங்ககிட்ட கொப்பி இருக்குங்களாக்கா? அஞ்சாம் வகுப்பு பரீட்சைக்கு எடுத்தோமே…" என்றாள்.

"இருக்கு. பயப்படாதீங்க. நாளைக்கு வாங்க" என்றேன்.

பார்த்துவிட்டா சொன்னேன்? இல்லை. பதினெட்டு வருஷமாக இல்லை என்று சொன்னதில்லையே… அந்தக் கொழுப்பு.

அவள் போனதும் வீட்டுக்குள் வந்து செர்வரைத் தேடினால், திரையில் அது இல்லை. அலுமாரியைத் திறந்தேன். முகத்தில் அடித்தது அனல். கூடவே ஒரு கருகின வாசனை.

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த செர்வரை அலுமாரிக்குள் வைத்ததும் நான்தான். அலுமாரிக்குள் நாற்பது வோட் பல்ப் ஒன்றை எப்போதும் எரியவிட்டதும் நான்தான். கதவு இடுக்குகளில் பேப்பர் மடித்துச் செருகியதும் அடியேன்தான்.

யாழ்ப்பாண வாசகர்கள் சிரிக்கலாம். எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். இந்தச் சப்ரகமுவ மழையில் வாழ்கிறவர்களுக்கு உலகத்திலேயே ஒரே எதிரிதான். ஈரம். ஒரு வாரம் காலில் போடாத சப்பாத்தில் பச்சை பூக்கும். கல்யாணப் பட்டுச் சேலையில் புள்ளி விழும். கெமரா லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரிப் படரும். அதனால் இங்கே பல வீடுகளில் அலுமாரிக்குள் ஒரு பல்ப் எரியும். சான்றிதழும் சேலையும் அதன் சூட்டில் காய்ந்த மாதிரி இருக்கும். எனக்கு அந்தச் சூடுதான் பாதுகாப்பு. அதனால், இருப்பதிலேயே பெறுமதியான பொருளை அந்தப் பல்புக்குப் பக்கத்தில் வைத்தேன். என்ன புத்திசாலித்தனம்!

மாலையில் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். அவர் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் உதவி டீ மேக்கர். அலுமாரிக்குள் கையை விட்டார். எடுத்தார். பல்பைப் பார்த்தார். பேப்பர் செருகலைப் பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார்.

"இதுல கொழுந்த வச்சிருந்தா இந்நேரம் தூளே வந்திருக்கும்" என்றார்.

அவ்வளவுதான் திட்டு. அவர் எப்போதும் இப்படித்தான். நாலு வார்த்தை சத்தம் போட்டிருந்தால் எனக்கு மனசு லேசாகியிருக்கும்.

மறுநாள் ரொஷான் வந்து பார்த்தார். இரண்டு டிஸ்க்கில் ஒன்று செத்துவிட்டது. மற்றது உயிரோடு இருக்கிறது, ஆனால் தாக்குப்பிடிக்கவில்லை. அவருடைய லெப்டொப்பில் மாட்டினால் பத்து நிமிஷம் ஓடும். ஐம்பது டிகிரி தாண்டியதும் காணாமல் போய்விடும். பவர் சப்ளையும் கருகிப்போயிருந்தது. அது அந்தக் கம்பியூட்டரைச் செய்த கம்பனி தன் பெட்டிக்கென்றே செய்த அளவு, வேறு எதுவும் அதில் பொருந்தாது. ஆக, பெட்டியோடு போச்சு.

"அக்கா, சும்மா சும்மா போட்டுப் பாக்க வேணாம்" என்றார் ரொஷான், அவருடைய சிங்களம் கலந்த தமிழில். நல்ல குளிர்ச்சியான ஒரு கேஸ், அதாவது பவர் சப்ளையும் ஃபேனும் உள்ள வெளிப்பெட்டி, வேண்டும். அதில் இந்த டிஸ்க்கையும் புது டிஸ்க்கையும் போட்டு, ஒரே மூச்சில், தலையிலிருந்து வால்வரை பிரதி எடுக்க வேண்டும். ஒன்பது பத்து மணி நேரம் ஓடும். நடுவில் ஒரு ஃபைலை மட்டும் பொறுக்கி எடுக்கப் போய் டிஸ்க்கை அலைக்கழித்தால் எல்லாமே போகலாம். "ஒரு சான்ஸ்தான்" என்று விரலைக் காட்டினார்.

அதற்குள் மகேஸ் கடைக்கு வந்துவிட்டாள். இன்னும் தேடி எடுக்கவில்லை, திங்கட்கிழமைக்குள் தருகிறேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நம்பிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆக, சனிக்கிழமை. ரொஷானின் கடை.

எனக்கு வேண்டியது என்ன? வீட்டில் ஏற்கனவே ஒரு இரும்பு ரேக் இருக்கிறது. மூடப்பட்ட ஒரு ஒஃபிஸிலிருந்து வாங்கியது. இன்டர்நெட் பெட்டி, யூபிஎஸ், கடைக் கெமராவின் ரெக்கோடர் எல்லாம் தட்டுத் தட்டாக அதில் உட்கார்ந்திருக்கின்றன. அதிலேயே செருகி ஸ்க்ரூ முடுக்குகிற மாதிரி செர்வர் கேஸ் ஒன்று. பிற்காலத்துக்கு எட்டு டிஸ்க் பிடிக்க வேண்டும். காற்றோட்டம் வேண்டும். என் மனசுக்குள் இன்னொன்றும் இருந்தது, சொல்லவில்லை. நன்றாக மூடி இருக்க வேண்டும்.

பட்டும் புத்தி வரவில்லை, பாருங்கள்.

ரொஷான் மூன்றைக் காட்டினார். முதலாவது தோசைக்கல் மாதிரி தட்டையாக, ஒல்லியாக, பார்க்க அழகாக இருந்தது. கரண்டைப் போட்டார். உள்ளேயிருந்த குட்டி ஃபேன்கள் கிளம்பிய சத்தத்தில் லெப்டொப் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். பெட்டி ஒல்லியாக இருந்தால் ஃபேனும் குட்டியாகத்தான் இருக்குமாம். குட்டி ஃபேன் தலைதெறிக்கச் சுற்றினால்தான் போதுமான காற்று வருமாம். ஒஃபிஸில் தனி அறையில் வைத்துப் பூட்டுகிறவர்களுக்குச் சரி. எங்கள் ரேக் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேண்டாம்.

இரண்டாவதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. முன்பக்கம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. படுக்கவைத்து இரண்டு பக்கமும் தகட்டுக் காது மாட்டினால் ரேக்கில் ஏறும். இடுக்கே இல்லை. பல்லி போகாது, எறும்பு போகாது, ஈரக்காற்றும் போகாது. "இதையே எடுப்போம்" என்றேன்.

அப்போதுதான் ஊதுபத்தி வெளியே வந்தது.

பூசையா என்று ரொஷான் கேட்டாரல்லவா? வீட்டுக்காரர் சிரிக்காமல், இல்லை, காற்று எங்கே போகிறது என்று பார்க்கிறேன் என்று சிங்களத்தில் விளக்கினார். கரண்டைப் போடச் சொன்னார். பத்தியைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். புகை கண்ணாடியில் முட்டியது. கொஞ்சம் யோசித்தது. அப்படியே மேலே ஏறிப் போய்விட்டது. ஓரத்தில் இருந்த ஒரு நூல் கீறலால் மட்டும் துளி உள்ளே போனது.

உள்ளே மூன்று ஃபேன் சுற்றி என்ன பிரயோசனம்? இழுப்பதற்குக் காற்று வேண்டாமா?

மூன்றாவது பெட்டி அசிங்கம். ஒரு மூலை நசுங்கியிருந்தது. உயரம் ஒரு சாண், நீளம் ஒரு ஆட்டுக்குட்டி படுக்கலாம். முன்பக்கம் முழுக்க ஓட்டை. முன்னால் டிஸ்க்குகள் ஒன்றுக்கொன்று விரல் இடைவெளி விட்டு நிற்கும். அதற்குப் பின்னால் சுவர் வைத்த மாதிரி மூன்று பெரிய ஃபேன்கள், சாவகாசமாகச் சுற்றுகிறவை, சத்தமே இல்லை. பத்தியை நீட்டினார். புகை நேராக உள்ளே போய், பின்பக்கத்தால் வெளியே வந்தது.

எனக்கே ஆச்சரியம்தான். வாங்கிவிடலாம் என்று ரொஷானும் எழுந்தார். வீட்டுக்காரர் எழவில்லை.

கடையில் கிடந்த செத்த டிஸ்க் இரண்டை அதில் செருகித் தரும்படி கேட்டார். மறுபடி பத்தி. இப்போது புகை என்ன செய்தது தெரியுமா? டிஸ்க் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, வெறுமனே இருந்த ஆறு தட்டுகளின் வழியாகச் சுகமாகப் போனது. டிஸ்க்குகளுக்கு நடுவில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா? ட்ரஃப்லயும் இதே கதைதான்" என்றார்.

ட்ரஃப் என்பது ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற நீளமான தொட்டி. வலை மேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய ஃபேனால் காற்றைத் தள்ளுவார்கள். எங்கேயாவது கொழுந்து மெல்லிசாக இருந்தால், காற்று முழுக்க அந்த இடத்தாலேயே ஓடிவிடும். கும்பலாக இருக்கும் இடம் சூடேறிச் சிவந்துபோகும். கொழுந்தை ஒரே சீராகப் பரப்புவதற்காக அவர் தினமும் எத்தனை பேரிடம் கத்துகிறார் என்று எனக்குத் தெரியும். வீட்டில் பேசாத பேச்செல்லாம் அங்கேதான் பேசுகிறார்.

கடையில் கிடந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, வெறும் தட்டுகளின் வாயை அடைத்தார். பத்தியை நீட்டினார். புகை டிஸ்க்குகளின் இடைவெளியில் புகுந்து உரசிக்கொண்டு போனது. ரொஷான் உள்ளே போய், ஒரு மூலையில் எறிந்துவைத்திருந்த தகட்டு மூடிகளை எடுத்து வந்தார். அந்தக் கேஸோடு வந்தவைதானாம். எதற்கு என்று தெரியாமல் கழற்றிப் போட்டிருக்கிறார். தூசியைத் தன் சட்டையிலேயே துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டிக் கொடுத்தார்.

எல்லாம் சரி. வீட்டுக்குக் கொண்டுவந்து ரேக்கில் ஏற்றினால்… அகலம் சரி. உயரம் சரி. நீளம்? நான் ரேக்கின் உயரத்தை அளந்தேன், அகலத்தை அளந்தேன், ஆழத்தை அளக்கவில்லை! பெட்டி நாலு விரல் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றது. பின்கதவு மூடவில்லை.

"கதவைக் கழட்டிட்டாப் போச்சு" என்றார் அவர்.

கதவைக் கழற்றுவதா? மழைக்காலத்தில்? பின்னால் ஜன்னல் வேறு இருக்கிறது. நான் விடவில்லை. ஈரம் என்றேன், பூஞ்சணம் என்றேன், பல்லி என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே இருந்தார்.

"சும்மா கெடக்குற சாமானுக்குத்தான் பூஞ்சணம் பிடிக்கும். ஓடுற மெஷினுக்கு அதோட சூடே போதும். நீ அதுக்கு வேற பல்பு போட்டுக் குடுத்த" என்றார்.

கதவு கழன்றது. அந்த இடத்தில் பல்லி புகாத அளவுக்கு ஒரு கம்பி வலை கட்டினார். எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரொஷான் வந்து பிரதியைத் தொடங்கிவிட்டுப் போனார். திரையில் ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. பக்கத்தில் டிஸ்க்கின் சூடு காட்டும் நம்பர். முப்பத்தாறு. முப்பத்தொன்பது. நாற்பத்தொன்று. நான் ஏதாவது வேலை பார்த்தேன் என்றா நினைக்கிறீர்கள்? சோறு குழைந்தது. பருப்பு அடிப்பிடித்தது.

பத்து மணிக்கு மகேஸ் வந்தாள். திங்கட்கிழமைவரை பொறுக்க முடியவில்லையாம். உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன். இதற்கு மேலும் மறைப்பது பாவம் என்று பட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அலுமாரி, பல்ப், செத்த டிஸ்க், ஒரே சான்ஸ். அன்றைக்குப் பார்க்காமல்தான் "இருக்கு" என்று சொன்னேன் என்பதையும் சொன்னேன். கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க இருக்குன்னு சொன்னீங்களேக்கா, அன்னிக்குத்தான் ரெண்டு நாளைக்கு அப்புறம் சோறு தின்னேன்" என்றாள். அப்புறம், "நா இங்கயே இருக்கவா?" என்று கேட்டாள்.

இருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு முன்னால் வெங்காயம் உரித்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் நம்பரைப் பார்த்துக்கொண்டு மத்தியானத்தைத் தள்ளினேன். நாற்பத்துமூன்று. நாற்பத்துநாலு. மழை பிடித்தது. ஒரு தடவை கரண்ட் கண் சிமிட்டியது. யூபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டுத் தாங்கிக்கொண்டது. மகேஸ் என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. அவள் உள்ளங்கை முழுக்க வெட்டுக் கத்தி பிடித்த காய்ப்பு.

நாற்பத்துநாலு. மறுபடி நாற்பத்துநாலு. அதற்கு மேல் ஏறவில்லை. வீட்டுக்காரர் ரேக்குக்குப் பின்னால் போய் வலைக்கு முன்னால் கையை நீட்டி, "சூடு வெளிய வருது. நல்லா வருது" என்று ஃபெக்டரிக் குரலில் அறிவித்தார். டீ குடித்துவிட்டு மறுபடி போய் நீட்டினார். நாலு மணியாவதற்குக் கொஞ்சம் முன்னால் கோடு முடிவுக்கு வந்தது. ரொஷானை ஃபோனில் பிடித்தேன். அவர் சொன்னபடி, புது டிஸ்க்கிலிருந்து மட்டும் திறந்தேன்.

வருஷம். டிவிஷன். பெயர்.

இருந்தது! கொஞ்சம் கோணலாக ஸ்கேன் செய்திருந்தேன். ஆனால் பதிவு நம்பர், பதிந்த திகதி, பதிவாளர் பிரிவு – எல்லாம் ஒவ்வொரு எழுத்தாகத் தெரிந்தது. மகேஸ் நம்பரைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றேன். வெங்காயம் உரித்து மூன்று மணி நேரமாகியிருந்தது.

திங்கட்கிழமை அவள் வெட்டுக்குப் போகவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு அவிசாவளையில் பஸ் மாறிப் போய், பின்னேரமே புதிய பிரதியோடு திரும்பிவிட்டாள். கையில் சிலிசிலி பேக் இல்லை. ஒரு காகித ஃபைலில் விரித்து வைத்து, மார்போடு அணைத்துக் கொண்டுவந்தாள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? யோசித்துப் பார்த்தால், மகேஸும் நானும் செய்தது ஒரே வேலை. அவள் காகிதத்தை மூன்று உறைக்குள் மூடினாள். நான் செர்வரை அலுமாரிக்குள் மூடினேன். பெறுமதியான பொருள் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மூடி. எதை மூடுகிறோம், அது மூச்சு விடுமா என்று பார்ப்பதில்லை. மூடிய பிறகு நிம்மதியாகத் தூங்குகிறோம். இனி கேஸ் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், பளபளப்பைப் பார்க்காதீர்கள், காற்று நுழைகிற வாயைப் பாருங்கள் என்பேன். டேப்பும் கொண்டுபோங்கள், ஆழத்தையும் அளந்து வையுங்கள்.

இப்போது அந்த அசிங்கப் பெட்டி சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் மெதுவாக ஊதிக்கொண்டிருக்கிறது. விருந்தாளிகள் என்ன சத்தம் என்று கேட்பதில்லை. இன்னொரு பிரதி கேகாலையில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. அலுமாரிப் பல்பை அணைக்கவில்லை. சேலைகள் இருக்கின்றனவே. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து லேசாக இருமுகிறார். இருமட்டும்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும்போதே மகேஸ் வாசலில் நின்றாள். சுபாஷினி பக்கத்தில். நேர்முகம் எப்படி நடந்தது, என்ன கேட்டார்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். பிள்ளை நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறாள். முடிவு கடிதத்தில் வருமாம். சரி, அந்தப் பிறப்புச் சான்றிதழை என்ன செய்தார்கள்? அதற்காகத்தானே இத்தனை பாடு!

மகேஸ்தான் சொன்னாள்.

"கேட்ல ஒரு ஐயா வாங்கி ரெண்டே செக்கன் பாத்தாருங்கக்கா. எங்களுக்கு முன்னால நின்ன புள்ளைகிட்ட அது இல்ல… திருப்பி அனுப்பிட்டாரு. இவளோடத பாத்துட்டு, உள்ள போங்கன்னாரு."

இரண்டே செகண்ட்தான். என் பதினெட்டு வருஷத்துக்கு அது தாராளம்.